பெயரும் அதிகாரமும்: யுனிக்ஸ் பெயர்ச்சேவையில் உள்ளூர்ப் பதிவேட்டின் இடம்

பெயர் தன்னளவிலே பொருள் தருவதன்று. அது வழங்கும் சூழலே அதற்குப் பொருள் தருகின்றது. யாழ்ப்பாணத்து வலிகாமம் கிழக்கிலே ‘புத்தூர்’ என்றால் நிலாவரைக் கிணற்றை அண்மித்த ஊரையே யாவரும் விளங்கிக்கொள்வர். கர்நாடகத்துத் தென்கன்னட மாவட்டத்திலோ ஆந்திரத்திலோ அதே பெயர் வேறு ஊர்களைச் சுட்டும். முதலில் யாரிடம் கேட்கின்றோம் என்பதே விடையைத் தீர்மானிக்கின்றது. கணினி வலையமைப்பிலும் இதே பிரச்சினை உண்டு. தொழில்நுட்ப விவரமாக மட்டுமே கருதப்படும் இவ்விடயத்தின் சமூக உள்ளடக்கத்தையும் சேர்த்து நோக்குதல் இங்கு எமது நோக்கமாகும்.

கணினிகள் ஒன்றையொன்று எண் முகவரியால் அறிகின்றன. மனிதர் பெயரால் அறிகின்றனர். இவ்விரண்டையும் இணைப்பதே பெயர்ச்சேவை. அமெரிக்காவின் ஆர்பாநெற் வலையமைப்பிலே தொடக்கத்தில் ஒரேயொரு பெயர்ப்பட்டியலே இருந்தது. ஸ்ரான்போட் ஆராய்ச்சி நிறுவனம் அதனைப் பேணியது. ஏனைய கணினிகள் அதனைப் பிரதிசெய்துகொண்டன. கணினிகள் பெருகியபோது இம்முறை தாக்குப்பிடிக்கவில்லை. 1983 இல் போல் மொக்கபெற்றிஸ் வகுத்த ஆள்களப் பெயர் முறைமை, பட்டியலைப் பல மட்டங்களாகப் பிரித்துப் பல நிறுவனங்களிடம் ஒப்படைத்தது. எனினும், பழைய பட்டியல் மறைந்துவிடவில்லை. ‘ஹோஸ்ட்ஸ்’ என்னும் சிறு கோப்பாக அது இன்றும் யுனிக்ஸ் வழிவந்த கணினிகளில் வாழ்கின்றது.

ஆகவே விடை தருவோர் இருவராயினர்: உள்ளூர்க் கோப்பு ஒன்று, தொலைவிலுள்ள பெயர்ச்சேவையகம் மற்றொன்று. யாரை முதலில் கேட்பது என்பதை விதிப்பதே ‘என்எஸ்சுவிச்’ எனப்படும் அமைவுக்கோப்பாகும். சண் நிறுவனத்தின் சோலாரிஸ் இயங்குதளத்தில் அறிமுகமான இம்முறையை லினக்சும் ஏற்றுக்கொண்டது. அதிலே ‘ஹோஸ்ட்ஸ்: ஃபைல்ஸ் டிஎன்எஸ்’ என ஒரு வரி இருப்பின், முதலில் உள்ளூர்க் கோப்பும் அங்கு விடை இல்லாதபோது சேவையகமும் கேட்கப்படும். சொற்களின் வரிசையை மாற்றினால் அதிகாரத்தின் வரிசையும் மாறும்.

புத்தூரிலே ஒரு சனசமூக நிலைய வாசிகசாலையில் நான்கு கணினிகள் உள்ளன என்று கொள்வோம். அவற்றுள் ஒன்றிலே நூற்பட்டியல் இருக்கின்றது. அதன் முகவரி 192.168.10.5, பெயர் ‘நூலகம்’. ஏனைய மூன்றின் ஹோஸ்ட்ஸ் கோப்பிலும் இம்முகவரியையும் பெயரையும் ஒரே வரியில் எழுதிவிட்டால், வெளியிணைப்பு அறுந்த நாளிலும் வாசகர் நூற்பட்டியலைப் பார்க்கலாம்.

இங்கு நுணுகி நோக்கவேண்டியது, கேட்கப்பட்டவர் தரும் மறுமொழியின் தன்மையாகும். ‘கிடைத்தது’, ‘அப்படியொரு பெயர் இல்லை’, ‘கேட்கப்படுபவரை அணுக முடியவில்லை’, ‘பின்னர் கேள்’ என மறுமொழி நான்கு வகைப்படும். பெயர் கிடைத்தால் தேடல் நிற்கும். ஏனைய மூன்றிலும் அடுத்தவரிடம் செல்லும். இது பொதுவிதி. இதனை மாற்றவும் முடியும். சேவையகத்தை முதலிலும் கோப்பினை அடுத்தும் வைத்து, அவற்றுக்கிடையே சதுர அடைப்பில் ‘நொட்ஃபவுண்ட்=ரிட்டேர்ண்’ என எழுதினால், ‘இல்லை’ என்று சேவையகம் கூறியதும் தேடல் முடிந்துவிடும்; சேவையகத்தை அணுக முடியாதபோதுதான் உள்ளூர்க் கோப்பு கேட்கப்படும். ஒரே அடைப்புக்குறி, உள்ளூர் அறிவை மத்தியின் மறுப்புக்குக் கீழ்ப்படுத்திவிடுகின்றது.

பட்டியல் பெரிதாயின் கோப்பை வரிவரியாகப் படிப்பது தாமதமாகும். பயனர் பெயர், சேவைப் பெயர் முதலியவற்றுக்குச் சுட்டியிடப்பட்ட உள்ளூர்த் தரவுத்தளத்தை அமைத்து, ‘சேர்விசஸ்: டிபி ஃபைல்ஸ்’ என வரிசைப்படுத்தலாம். ஆனால் கோப்பைத் திருத்தியபின் தரவுத்தளத்தை மீள உருவாக்காவிடின் பழைய விடையே கிடைத்துக்கொண்டிருக்கும். உள்ளூர் என்பதனாலேயே ஒன்று உண்மையாகிவிடாது. பேணுவோர் இருக்கும்வரைதான் அது உண்மை.

மொழியின் நிலையும் இதனோடு தொடர்புடையது. ‘.இலங்கை’ என்னும் தமிழ் மேல்நிலை ஆள்களப் பெயர் 2010 இல் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் உலாவிகள் தமிழ்ப் பெயரை இலத்தீன் எழுத்துக் குறியீடாக மாற்றியே தேடுகின்றன. எனவே உள்ளூர்க் கோப்பிலும் அக்குறியீட்டையே எழுதவேண்டும். நாம் மேலே கண்ட ‘நூலகம்’ என்ற பெயருக்கும் இது பொருந்தும். திரையிலே தமிழ், அடித்தளத்திலே இலத்தீன் என்ற இந்நிலை, தொழில்நுட்பம் எச்சமூகத்திலே தோன்றியதோ அச்சமூகத்தின் முத்திரையைத் தாங்கியிருப்பதைக் காட்டுகின்றது.

இலங்கைக்குரிய ‘.எல்கே’ ஆள்களப் பெயர் 1990 இல் வழங்கப்பட்டது. அதே ஆண்டிலேதான், போர் மீண்டும் மூண்டபோது, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கான மின்சாரம் துண்டிக்கப்பட்டது. வெளியிலிருந்து கேட்போருக்குக் குடாநாடு மறுமொழி தரவில்லை. அது ‘இல்லை’ என்ற விடையன்று. ‘அணுக முடியவில்லை’ என்ற விடை. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்வது கணினியில் வழு, வரலாற்றெழுத்தில் அநீதி. அதேவேளை, 1981 இல் எரியூட்டப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு வேறு பிரதியில்லாத ஏடுகள் அழிந்தமை, ஓரிடத்தில் மட்டும் பேணப்படும் பதிவேட்டின் ஆபத்தை உணர்த்துகின்றது. மத்தியை மட்டும் நம்பினால் இணைப்பு அறும்போது குரலிழப்போம். உள்ளூரை மட்டும் நம்பினால் அழிவின்போது அனைத்தையும் இழப்போம். இரண்டும் வேண்டும். அவற்றின் வரிசையைத் தீர்மானிக்கும் கோப்பு, அக்கணினிகளைப் பயன்படுத்தும் மக்களின் கையிலும் அறிவிலும் இருத்தல் வேண்டும் என்பதே எமது முடிபாகும்.