அங்கே மழையா?

பெங்களூரில் பனி பொழிவதில்லை. ஆனால் ஆலங்கட்டியும் அடைமழையும் எதிர்பாராத விடுமுறைகளைக் கொண்டுவருகின்றன. பெற்றோரை இழந்தவர்களுக்கு அந்தச் சந்தோஷம் ஏன் தொண்டையை அடைக்கிறது?

மே 21, 2023. ஞாயிற்றுக்கிழமை. பிற்பகலில் பெங்களூர் வானம் சட்டென்று கறுத்தது. காற்று சுழன்றடித்தது. மரங்கள் முறிந்து சாலையில் விழுந்தன. மழையோடு மழையாக ஆலங்கட்டிகளும் கொட்டின. தகரக் கூரைகளில் யாரோ கல்லெறிவது போன்ற சத்தம். வெயிலில் வெந்து கிடந்த நகரத்தில் பிள்ளைகள் டம்ளரும் கிண்ணமுமாக மொட்டை மாடிக்கு ஓட, பெரியவர்கள் பின்னாலேயே செல்போனுடன் ஓடினார்கள். அந்த மழை வேடிக்கை காட்டியதோடு நிற்கவில்லை. கே.ஆர். சர்க்கிள் சுரங்கப்பாதையில் தேங்கி, காரில் சென்ற ஓர் இளம்பெண்ணின் உயிரையும் குடித்தது. ஒரே வானம் ஒரு வீட்டுக்குக் கொண்டாட்டத்தையும் இன்னொரு வீட்டுக்கு இழவையும் ஒரே நேரத்தில் அனுப்பியது.

பனிப்பொழிவுக்கு மிக அருகில் பெங்களூர் வருவது இந்த மாதிரி நாட்களில்தான். கடல் மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கும் நகரம் இது. குளிருக்குப் பேர்போனதுதான். ஆனாலும் இங்கே பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 7.8 டிகிரி செல்சியஸ். அதுவும் 1884 ஜனவரியில். பனி விழ அது போதாது.

ஆலங்கட்டி வருவது குளிரால் அல்ல, வெப்பத்தால். மார்ச் முதல் மே வரை தரை சூடேறி, ஈரக்காற்று அசுர வேகத்தில் மேலெழும்பி, இடிமேகமாகத் திரள்கிறது. சுமார் ஐந்து கிலோமீட்டருக்கு மேலே நீர்த்துளிகள் உறைகின்றன. மேலெழும் காற்று அவற்றைக் கீழே விழவிடாமல் தாங்கிப் பிடிக்க, அடுக்கடுக்காகப் பனிக்கட்டி படிகிறது. காற்றால் தாங்க முடியாத எடை சேர்ந்ததும் பொத்தென்று விழுகிறது. பழந்தமிழில் இதற்கு ‘ஆலி’ என்று பெயர். கையில் எடுத்த ஒன்றிரண்டு நிமிடங்களில் கரைந்துவிடும். அதனால்தானோ என்னவோ, அதைப் பார்த்ததும் யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று தோன்றுகிறது.

ஆலங்கட்டி எப்போதாவது வருவது. அடைமழை விடுமுறையோ இப்போது பெங்களூருக்குப் பழகிவிட்டது. 2022 செப்டம்பர் 5ஆம் தேதி காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் நகரில் 131.6 மில்லிமீட்டர் மழை. வெளிவட்டச் சாலை ஏரியானது. பெல்லந்தூரிலும் ஏமலூரிலும் சாஃப்ட்வேர் இன்ஜினீயர்கள் டிராக்டரில் ஏறி ஆபீசுக்குப் போனார்கள். போக முடியாதவர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின நிறுவனங்கள். 2024 அக்டோபர் 16 அன்று மழைக்காகப் பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. கம்பெனிகளையும் ஊழியர்களை வீட்டில் இருக்கவிடும்படி அரசு கேட்டுக்கொண்டது. தமிழ்நாட்டில் கலெக்டரின் அறிவிப்புக்காக டிவி முன்னால் காத்திருந்து வளர்ந்தவர்களுக்கு இது பழைய சுகம். தண்ணீர் புகாத வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அது சுகம் என்பதும் உண்மை.

அப்படிப்பட்ட ஒரு காலை நேரம். அலாரத்தை அணைத்தாகிவிட்டது. டிராஃபிக்கில் இரண்டு மணி நேரம் மிச்சம். வெங்காய பஜ்ஜிக்கு மாவு கரைகிறது. ஜன்னலுக்கு வெளியே தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. எல்லாம் நன்றாக இருக்கும்போதுதான் கை தன்னிச்சையாகப் போனை எடுக்கிறது. ‘அப்பா’ என்றோ ‘அம்மா வீடு’ என்றோ இன்னும் அழிக்காமல் வைத்திருக்கும் எண்ணில் விரல் நிற்கிறது. அந்த எண்ணில் எடுக்க இப்போது ஆள் இல்லை.

தமிழ்ப் பெற்றோர் பிள்ளைகளிடம் ‘உன்மேல் பாசமாக இருக்கிறேன்’ என்று சொல்லிப் பழகியவர்கள் அல்ல. அதற்குப் பதில் அவர்களிடம் மூன்று கேள்விகள் உண்டு. சாப்பிட்டாயா? எப்போ வருகிறாய்? அங்கே மழையா? முதல் இரண்டும் எந்த நாளிலும் வரும். மூன்றாவது, டிவியில் பெங்களூர் வெள்ளத்தைக் காட்டிய அடுத்த நிமிடம் வரும். வெள்ளம் பத்துக் கிலோமீட்டர் தள்ளி ஓடுகிறது என்று எத்தனை முறை சொன்னாலும் நம்ப மாட்டார்கள். தலையைத் துவட்டு, ஸ்வெட்டர் போடு, மரத்தடியில் நிற்காதே என்ற உத்தரவுகளுடன்தான் பேச்சு முடியும். பேசிக்கொண்டிருக்கும்போது சலிப்பாக இருந்தது, நின்ற பிறகுதான் என்னவென்று தெரிகிறது.

வேலை தேடித் தொண்ணூறுகளிலும் அதற்குப் பிறகும் பெங்களூர் வந்த தமிழர்களில் பலர் இன்று நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருக்கிறார்கள். ஊரில் விட்டுவந்த பெற்றோர் ஒவ்வொருவராக விடைபெறும் வயது இது. அதில் ஒரு பகுதியினருக்கு விடைபெறுதலே கிடைக்கவில்லை. 2020இல் ஓசூர் எல்லையைத் தாண்ட இ-பாஸ் தேவைப்பட்டது. இறுதிச் சடங்கில் 20 பேருக்கு மேல் கூடக் கூடாது என்று மத்திய அரசின் விதி சொன்னது. வீடியோவில் தகனம் பார்த்தவர்கள் உண்டு. அழுது தீர்க்க வேண்டிய இடத்தில், நேரத்தில் அழாதவர்கள் அவர்கள்.

துக்கத்துக்கு நாள் குறித்துக் கொடுப்பதில் நம் மரபு கெட்டிக்காரத்தனம் உள்ளது. பதினாறாம் நாள் கருமாதி, மாதாமாதம் மாசிகம், வருடம் முடிந்தால் தலைத் திவசம், ஆடி, புரட்டாசி, தை அமாவாசைகள். மகாளய அமாவாசையன்று ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காவிரிக் கரையில் கூட்டம் அலைமோதும். கிறிஸ்தவர்களுக்கு நவம்பர் 2 கல்லறைத் திருநாள். முஸ்லிம் குடும்பங்களில் மூன்றாம் நாள், நாற்பதாம் நாள் ஃபாத்திஹா ஓதும் வழக்கம் இருக்கிறது. பண்டிகைக்கும் கணக்கு வைத்திருக்கிறார்கள்: சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடத்துக்குப் பொங்கல் இல்லை, தீபாவளி இல்லை. அழவேண்டிய நாளும் சிரிக்கக்கூடாத நாளும் முன்கூட்டியே தெரிவதால் மனசு தயாராகிவிடுகிறது.

ஆலங்கட்டி மழை எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. அந்த நாளுக்குச் சடங்கும் இல்லை, தடையும் இல்லை. திவசத்தன்று கலங்காமல் எள்ளும் தண்ணீரும் இறைத்தவர், ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை மழையில் பஜ்ஜித் தட்டுடன் உடைந்துபோவது இதனால்தான். நகர வாழ்க்கையும் இதற்கு ஒரு காரணம். தனியார் நிறுவனங்கள் துக்க விடுப்பு கொடுத்தே ஆக வேண்டும் என்று இந்தியாவில் மத்தியச் சட்டம் எதுவும் கிடையாது. காரியம் முடிந்த கையோடு லேப்டாப்பைத் திறந்தவர்களுக்கு, நகரமே நின்றுபோகும் நாளில்தான் நினைக்க நேரம் கிடைக்கிறது.

மனநல நிபுணர்களுக்கு இது புதிதல்ல. அமெரிக்க உளவியலாளர் தெரஸா ராண்டோ 1993இல் இதற்கு ஒரு பெயரே வைத்தார். இறப்பு நடந்து வெகுகாலம் கழித்துத் திடீரென்று பொங்கி, சிறிது நேரத்தில் அடங்கும் துக்கத்தை அவர் தனியாக அடையாளம் கண்டு எழுதினார். ஒரு பாட்டு, ஒரு வாசனை, ஒரு பருவநிலை போதும், அது பொங்கிவிடும். அது நோயும் அல்ல, ஆறிய புண் மீண்டும் திறந்துவிட்டது என்பதும் அல்ல.

வலியைவிடக் குழப்புவது குற்ற உணர்ச்சி. ‘அப்பா போய் ஆறு மாதம்கூட ஆகவில்லை, சிரிப்பு என்ன வேண்டிக்கிடக்கிறது?’ என்று அடுத்தவர் கேட்காவிட்டாலும் மனசு கேட்கும். இதற்கு ஆய்வு சொல்லும் பதில் ஆறுதலானது. டேச்சர் கெல்ட்னர், ஜார்ஜ் பொனானோ என்ற இரு உளவியலாளர்கள் கணவனையோ மனைவியையோ பறிகொடுத்தவர்களை, இறப்பு நடந்து சுமார் ஆறு மாதத்தில் சந்தித்துப் பேசவைத்தார்கள். இறந்தவரைப் பற்றிப் பேசும்போது இயல்பாகச் சிரிக்க முடிந்தவர்களிடம் மன வேதனை குறைவாக இருந்தது. 1997இல் வெளியான ஆய்வு இது. 1999இல் நெதர்லாந்தின் மார்கரெட் ஸ்ட்ரோபும் ஹெங்க் ஷுட்டும் இதை இன்னும் விளக்கினார்கள்: துக்கம் படிப்படியாக இறங்கும் மாடிப்படி அல்ல, ஊஞ்சல். ஒரு பக்கம் இழப்பு, மறுபக்கம் வாழ்க்கை. இரண்டுக்கும் இடையே போய்வந்து கொண்டிருப்பதுதான் ஆரோக்கியம்.

ஊஞ்சலின் இரு முனைகளையும் ஒரே நாளில் நாடே பார்த்த சம்பவம் ஒன்று உண்டு. நிஜமான பனி பொழிந்த நாள் அது. 2023 ஜனவரி 30, ஸ்ரீநகர். ராகுல் காந்தியின் இந்திய ஒற்றுமைப் பயணம் முடியும் நாள். விடாத பனிப்பொழிவில் விமானங்கள் ரத்தாயின. ஜம்மு நெடுஞ்சாலை மூடப்பட்டது. காலையில் முகாமில், கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி வந்த ராகுல் தங்கை பிரியங்காவின் தலையில் பனியைக் கொட்ட, தங்கையும் விடவில்லை. ஐம்பதைத் தாண்டிய இருவரும் பள்ளிப் பிள்ளைகளாக மாறிய அந்த வீடியோ நாடெங்கும் பரவியது. அதே நாள், ஷேர்-இ-காஷ்மீர் மைதானத்தில், பனி கொட்டிக்கொண்டிருக்க ராகுல் பேசியது இரண்டு தொலைபேசி அழைப்புகளைப் பற்றி. ஒன்று பாட்டி இந்திராவின் மரணத்தைச் சொன்னது. மற்றொன்று தந்தை ராஜீவின் மரணத்தை.

அந்த இரண்டாவது அழைப்பின் கதை தமிழ்நாட்டில் தொடங்கியது: 1991 மே 21, ஸ்ரீபெரும்புதூர். அதன் ஒரு முடிவு பெங்களூரில், அதே ஆகஸ்டில், கோணனகுண்டேயில் போலீஸ் முற்றுகையிட்ட வீட்டில் சிவராசன் இறந்து கிடந்தபோது எழுதப்பட்டது. 2022 செப்டம்பர் 7 அன்று கன்னியாகுமரியில் பயணத்தைத் தொடங்கும் முன் ராகுல் போய் நின்றதும் ஸ்ரீபெரும்புதூர் நினைவிடத்தில்தான். அந்த மேடையின் அரசியலை ஏற்பவர்களும் மறுப்பவர்களும் இருக்கலாம். ஆனால் முப்பது வருடத்துக்கு முன் தந்தையை இழந்தவர்கள் பனியில் விளையாடியதும், சில மணி நேரத்தில் அந்த இழப்பைப் பற்றிப் பேசியதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல.

எல்லோருக்கும் இந்த ஊஞ்சல் ஆடுவதில்லை. சிலருக்கு ஒரே முனையில் சிக்கி நின்றுவிடுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், ஆறு மாதத்துக்கு மேலும் அன்றாட வாழ்க்கையைக் குலைக்கும் தீவிரத் துக்கத்தைத் தனியொரு பாதிப்பாக வகைப்படுத்துகிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடும் 2022இல் இதைச் சேர்த்துக்கொண்டது. பெரியவர்களுக்கு அது வைத்திருக்கும் கெடு ஒரு வருடம். நம் ஊர்த் தலைத் திவசத்தின் கணக்கும் அதுதான் என்பது கவனிக்கத்தக்கது. சாப்பிட, தூங்க, வேலை செய்ய முடியாமல் மாதங்கள் ஓடினால் உதவி கேட்பதில் வெட்கத்துக்கு இடமில்லை. பெங்களூர் ஓசூர் சாலையில் இருக்கும் நிம்ஹான்ஸ் 1974இலிருந்து இயங்கும் தேசிய மனநல நிறுவனம். அது முக்கியப் பங்கு வகிக்கும் ‘டெலி மானஸ்’ சேவை 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்டது. 14416 என்ற எண்ணைக் கூப்பிட்டால் தமிழிலும் பேசலாம். கட்டணம் இல்லை.

மற்றவர்களுக்குத் தேவைப்படுவது சிகிச்சை அல்ல, ஓர் அனுமதி. இறந்தவரை விட்டு விலகினால்தான் மனம் தேறும் என்றுதான் ஃப்ராய்டின் 1917ஆம் வருடக் கட்டுரைக்குப் பிறகு மேலைநாட்டு மருத்துவம் நீண்ட காலம் நம்பியது. டென்னிஸ் கிளாஸும் அவரது சகாக்களும் 1996இல் கொண்டுவந்த தொகுப்பு அதை மறுத்தது. உறவு முடிவதில்லை, வேறு வடிவத்தில் தொடர்கிறது என்றது. படத்துக்கு மாலை போட்டு, அமாவாசைக்குக் காக்கைக்குச் சோறு வைத்து, கல்யாணப் பத்திரிகையை முதலில் சாமி படத்துக்கும் அப்பா படத்துக்கும் முன்னால் வைக்கும் வீடுகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மழை நாளுக்கும் அதே உரிமையைக் கொடுத்தால் போதும். பஜ்ஜி தின்றுகொண்டே அம்மாவின் பேச்சை எடுக்கலாம். ஆலங்கட்டியைப் பார்த்தால் தாத்தா என்ன சொல்லியிருப்பார் என்று பிள்ளைகளுக்கு நடித்துக் காட்டலாம். கண் கலங்கினால் கலங்கட்டும்.

அந்தப் போன் இனி வராது. ஆனால் அந்தக் கேள்வி அதோடு செத்துவிட வேண்டும் என்பதில்லை. சென்னையிலோ மதுரையிலோ தனியாக இருக்கும் சித்தி, டெல்லியில் ஹாஸ்டலில் இருக்கும் மகன், புயல் எச்சரிக்கை விடப்பட்ட கடலூரில் இருக்கும் நண்பன் என்று கேட்கப்பட வேண்டியவர்கள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். கேட்டுக்கொண்டிருந்தவர்கள் போய்விட்டார்கள். இனி கேட்கும் முறை பிள்ளைகளுடையது: அங்கே மழையா?