50 லிட்டர் கடல்: ஒரு சுண்ணாம்புக் கணக்கு

பவளத் தொட்டி அமைப்பது எப்படி என்று தேடினால் முதலில் வந்து விழுவது சாமான் பட்டியல்தான். எந்த விளக்கு, எந்த பம்பு, எந்த ஸ்கிம்மர், என்ன விலை. இந்தக் கட்டுரையில் அது இருக்காது. ஆரம்பித்த சில மாதங்களில் ஒரு தொட்டி சீரழிந்து போவதற்கு விளக்கு காரணமாக இருப்பது அபூர்வம். பெரும்பாலும் தண்ணீர்தான் காரணம். அதுவும் சின்னத் தொட்டியில் தண்ணீரின் குணம் எவ்வளவு வேகமாக மாறும் என்பது பலருக்குப் பிடிபடுவதில்லை. கொஞ்சம் கூட்டல் கழித்தல் போட்டுப் பார்த்தால் பிடிபட்டுவிடும்.

கணக்குக்கு ஒரு தொட்டியை எடுத்துக்கொள்வோம். 2 அடி நீளம், 1 அடி அகலம், ஒன்றேகால் அடி உயரம். சென்னையில் ஒரு பிளாட்டின் ஹாலில் இருக்கிறது. விளிம்பு வரை ஊற்றினால் சுமார் 70 லிட்டர் பிடிக்கும். கல், மணல், மேலே விடும் இடைவெளி எல்லாம் போக உள்ளே உண்மையில் இருக்கும் நீர் 50 லிட்டர். இந்த 50-ஐ ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரை எல்லாவற்றையும் இதனால்தான் வகுக்கப்போகிறோம்.

முதலில் உப்பு. "கடல் தண்ணிதானே, கல்லுப்பு போட்டா ஆச்சு" என்று கேட்காத ஆளே இல்லை. கல்லுப்பும் கடலிலிருந்துதானே வருகிறது என்ற நியாயமான சந்தேகம். தூத்துக்குடி உப்பளத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும். கடல்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காயவிடும்போது எல்லா உப்பும் ஒரே நேரத்தில் படிவதில்லை. முதலில் சுண்ணாம்பு படியும், பிறகு ஜிப்சம். அதற்கப்புறம்தான் நாம் சமையலுக்குப் போடும் உப்பு. அது படிந்ததும் மிஞ்சுகிற கசப்பு நீரை வடித்துவிடுவார்கள். மக்னீசியமும் பொட்டாசியமும் பெரும்பாலும் அதோடு போய்விடும். ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் இருக்கின்றன. அதில் சோடியமும் குளோரைடும் சேர்ந்து 30 கிராம். மீதி 5 கிராமில்தான் சல்பேட், 1.3 கிராம் மக்னீசியம், 0.4 கிராம் கால்சியம் எல்லாம். உப்பளத்தின் வேலையே அந்த 5 கிராமைக் கழித்துக்கட்டுவது. பவளத்துக்கு வேண்டியதோ அதே 5 கிராம். ஆகவே மீன் தொட்டிக்கென்று விற்கும் கடல் உப்புக் கலவையைத்தான் வாங்க வேண்டும். லிட்டருக்கு 38 கிராம் வாக்கில் போட்டால் 50 லிட்டருக்கு 2 கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். பெசன்ட் நகரிலிருந்து கேனில் பிடித்து வரலாமே என்றால், அடையாறும் கூவமும் எங்கே கடலில் கலக்கின்றன என்பதை மேப்பில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

அடுத்தது ஆவியாதல். நம்ம ஊர் வெயிலில் ஃபேன் ஓடினால் இந்தத் தொட்டியிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் காணாமல் போவது சாதாரணம். போவது நீர் மட்டும்தான், உப்பு அப்படியே இருக்கும். ஒரு லிட்டர் போனால் உப்பளவு 35-லிருந்து 35.7 ஆகும். மூன்று நாள் கவனிக்காமல் விட்டால் 37.2. இதையே 500 லிட்டர் தொட்டியில், பரப்பு பெரிது என்பதால் தினம் 4 லிட்டர் போவதாக வைத்துக்கொண்டாலும், மூன்று நாளில் 35.9-தான் வரும். பெரிய தொட்டி சுலபம், சின்னத் தொட்டி கஷ்டம் என்று அனுபவசாலிகள் சொல்வது இதனால்தான். புதிதாக வருகிறவர்களிடம் கடைக்காரர் சின்னதைத்தான் தள்ளுவார் என்பது வேறு விஷயம்.

ஆவியான நீருக்குப் பதிலாக ஊற்ற வேண்டியது நல்ல தண்ணீர். உப்புத் தண்ணீர் இல்லை. இது சொல்லவேண்டிய விஷயமா என்று தோன்றும், ஆனால் இங்கே குழம்புகிறவர்கள் நிறைய. போர் தண்ணீர் கூடாது. வீட்டு ஆர்ஓ மெஷினில் ஒரு சிக்கல் உண்டு. ருசிக்காக வடிகட்டாத நீரைக் கொஞ்சம் கலந்துவிடும் திருகு ஒன்று பல மெஷின்களில் இருக்கும், சிலவற்றில் மினரல் சேர்க்கும் குப்பியும் இருக்கும். குடிக்க அது நல்லது, தொட்டிக்கு ஆகாது. மெம்பரேனிலிருந்து நேராக எடுத்து, டிஐ ரெசின் குப்பி ஒன்றில் விட்டு, டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். ஏசியிலிருந்து சொட்டும் நீர் சுத்தமானதுதானே என்று கேட்பார்கள். அது செம்புக் குழாய்ச் சுருளில் படிந்து வழிகிற நீர். முதுகெலும்பில்லாத கடல் உயிர்களுக்குச் செம்பு கொஞ்சம் போதும், விஷம்.

ஆனால் அந்த ஒரு லிட்டர் ஆவியாவதில் லாபமும் இருக்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக சுமார் 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஒரு நாளைக்குப் பரப்பிப் பார்த்தால் 28 வாட். அதாவது ஒரு குட்டி ஃபேன், 28 வாட் வெப்பத்தைத் தொடர்ந்து வெளியே இறைத்துக்கொண்டே இருக்கிறது. வெளிநாட்டுக் கையேடுகளில் ஹீட்டர் பற்றி இரண்டு பக்கம் இருக்கும். நமக்கு அதைப் புரட்டிவிட்டுப் போகலாம், நம்ம பிரச்சினை நேர் எதிர். பவளத்தின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பவளத்துக்குச் சோற்றில் பெரும்பகுதி அவை போடுவதுதான். நீர் 30 டிகிரியைத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் அந்த உறவு முறிந்து, பாசி வெளியேறி, பவளம் வெளுத்துவிடும். மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் கோடையில் நடந்தது இதுதான். தொட்டியை 26, 27-ல் வைத்திருப்பது பாதுகாப்பு.

ஃபேனுக்கு ஓர் எல்லை உண்டு. ஈரக்குமிழ் வெப்பநிலைக்குக் கீழே எவ்வளவு வேகமாக ஓடினாலும் இறக்க முடியாது. மே மாதச் சென்னையில் 35 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம் என்றால் அந்த எல்லையே 28-க்குப் பக்கத்தில் வந்துவிடும். கோயம்புத்தூரில் ஃபேன் போதுமானதாக இருக்கலாம். கடலோர ஊர்களில் கோடைக்குச் சில்லரோ, அந்த அறைக்கு ஏசியோ வேண்டும். அந்தச் செலவுக்கு மனசு வரவில்லை என்றால் பவளம் வேண்டாம். நான் கறாராகச் சொல்வது இந்த ஒரு இடத்தில்தான். கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையும் முன்னாலேயே யோசித்து வைக்கணும். பம்பு நின்ற சில மணி நேரத்தில் சின்னத் தொட்டியில் ஆக்சிஜன் குறைய ஆரம்பிக்கும். 2016 டிசம்பரில் வர்தா புயல் வந்தபோது சென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. பவர் பேங்கில் ஓடும் குட்டிக் காற்று பம்பு ஒன்று அலமாரியில் இருக்கட்டும்.

நைட்ரஜன் சுழற்சியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள் என்பதால் வேகமாகக் கடக்கிறேன். மீன் கழிவிலிருந்து அம்மோனியா, அதை ஒரு வகை பாக்டீரியா நைட்ரைட்டாக்கும், இன்னொரு வகை நைட்ரேட்டாக்கும். அவை கல்லிலும் மணலிலும் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை தொட்டியில் உயிர் எதுவும் வேண்டாம், ஒரு இறால் துண்டு போதும். நன்னீர் மீன் வளர்த்தவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். பிஹெச் ஒன்று கூடினால் அம்மோனியாவின் நச்சு வடிவம் ஏறக்குறைய பத்து மடங்காகும். கடல்நீரின் பிஹெச் 8.2. அங்கே தாங்கிய அளவு இங்கே தாங்காது.

இனி சுண்ணாம்பு. எனக்கு இந்தப் பொழுதுபோக்கில் மிகவும் பிடித்த பகுதி.

பவளப்பாறை என்பது கால்சியம் கார்பனேட், அதாவது சுண்ணாம்புக்கல். நீரில் கரைந்திருக்கும் கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் எடுத்துப் பவளம் அதைக் கட்டுகிறது. கல்லை ஊதா நிறத்தில் மூடும் சுண்ணாம்புப் பாசியும், நத்தை ஓடும் அதே சரக்குதான். எடுக்க எடுக்க நீரில் இரண்டும் குறையும். ஆனால் ஒரே விகிதத்தில் குறைவது போலத் தெரியாது. கால்சியம் லிட்டருக்கு 420 மி.கி. இருக்கிறது. காரத்தன்மையை டி.கே.ஹெச் என்ற அலகில் அளக்கிறோம், அது 8 வாக்கில் இருக்கும். பவளம் 20 மி.கி. கால்சியத்தை எடுக்கும்போது 2.8 டி.கே.ஹெச் சேர்ந்து போகும். கால்சியம் 420-லிருந்து 400 ஆனது. யாரும் கவலைப்பட மாட்டார்கள். அதே நேரத்தில் காரத்தன்மை 8-லிருந்து 5.2-க்கு விழுந்திருக்கும். பெரிய பானையில் எடுத்தது தெரியவில்லை, சின்னப் பானையில் தெரிகிறது. எனவே ஒரே ஒரு டெஸ்ட் கிட்தான் வாங்க முடியும் என்றால் காரத்தன்மைக்கானதை வாங்குங்கள். வாரம் இருமுறை, அதே நேரத்தில் அளந்து ஒரு எக்செல் ஷீட்டில் போட்டுவந்தால், கண்ணுக்கு எதுவும் தெரிவதற்கு முன்பே தொட்டியின் போக்கு கோட்டில் தெரியும்.

"வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும்" என்பது எல்லோரும் சொல்லும் அறிவுரை. கணக்கில் போட்டுப் பார்ப்போம். தினம் 0.1 டி.கே.ஹெச் தான் செலவாகிறது. மிகச் சிறிய அளவு. வாரத்துக்கு 0.7. புது நீரில் 8.5 இருக்கிறது. பத்தில் ஒரு பங்கை மாற்றும்போது, தொட்டிக்கும் புது நீருக்கும் உள்ள வித்தியாசத்தில் பத்தில் ஒரு பங்குதான் திரும்பி வரும். வாரம் 0.7 திரும்பி வரவேண்டுமானால் வித்தியாசம் 7 இருக்க வேண்டும். அதாவது தொட்டி 1.5 வரை விழுந்த பிறகுதான் வரவும் செலவும் சமமாகும்! நிஜத்தில் அவ்வளவு தூரம் போவதற்கு முன்பே வளர்ச்சி நின்றுவிடும். நீர் மாற்றுவது கழிவை வெளியேற்றுவதற்கு நல்லது. சுண்ணாம்புக் கடனை அடைக்க அது போதாது.

அடைக்க இரண்டு வழி. ஒன்று அடுப்படியிலேயே இருக்கிறது: ஆப்ப சோடா. 50 லிட்டரில் 1 டி.கே.ஹெச் ஏற்ற 1.5 கிராம் போதும். அதையும் நல்ல தண்ணீரில் கரைத்து மெதுவாக விடணும். பேக்கிங் பவுடர் வேறு, அது கூடாது. ஆனால் சோடா காரத்தன்மையை மட்டும்தான் தரும், கால்சியத்தைத் தனியாகத் தரவேண்டும்.

இரண்டாவது வழி, பள்ளியில் கரியமில வாயுவைச் சோதிக்க ஊதிப் பார்த்தோமே, அதே தெளிந்த சுண்ணாம்பு நீர். 1970-களில் பீட்டர் வில்கென்ஸ் என்பவர் இதைப் பவளத் தொட்டிக்குப் பிரபலமாக்கினார். கால்சியமும் காரத்தன்மையும் பவளம் எடுக்கும் அதே விகிதத்தில் இதில் இருப்பதுதான் அழகு. நிறைவுற்ற சுண்ணாம்பு நீர் ஒரு லிட்டர் நம்ம தொட்டிக்கு 2.3 டி.கே.ஹெச்சும் 16 மி.கி. கால்சியமும் தரும். தினம் 0.2 செலவாகும் தொட்டிக்கு 90 மில்லி போதும், ஆவியான நீரை நிரப்பும்போது அதிலேயே கலந்துவிடலாம். சொட்டுச் சொட்டாகத்தான். அதன் பிஹெச் 12-க்கு மேல். ஒரு லிட்டரை மொத்தமாகக் கவிழ்த்தால் தொட்டியின் பிஹெச் 9-ஐத் தாண்டக்கூடும். வெற்றிலைச் சுண்ணாம்பு போடலாமா? சரக்கு அதேதான், ஆனால் வாசனையும் நிறமும் சேர்த்தும் விற்கிறார்கள். உணவுத் தரத்திலோ ஆய்வகத் தரத்திலோ கால்சியம் ஹைட்ராக்சைடு வாங்கினால் நிம்மதி. பாட்டிலை மூடி வையுங்கள். திறந்திருந்தால் காற்றிலுள்ள கரியமில வாயு பட்டு மேலே ஏடு கட்டும்.

இந்த வேதியியல் இன்னொரு பக்கமும் ஓடியிருக்கிறது. தூத்துக்குடிப் பக்கத்துத் தீவுகளைச் சுற்றிப் பல பத்தாண்டுகள் பவளக் கல்லை வெட்டி எடுத்துச் சுண்ணாம்புக்கும் கார்பைடுக்கும் சூளையில் போட்டார்கள். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் விலாங்குசல்லி, பூவரசன்பட்டி இரண்டும் நீருக்குள் போய்விட்டன. அலையைத் தடுத்த பாறையை வெட்டியது அதற்கு முக்கியக் காரணமாகச் சொல்லப்படுகிறது. 2001-இல் கல் கட்டும் பவளங்கள் அனைத்தும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணைக்குள் வந்தன. கடல் விசிறியும் கடல்குதிரையும்கூட. நம்ம கடலிலிருந்து எடுத்த அக்ரோபோரா துண்டையோ, பவளக் கல்லையோ "லைவ் ராக்" என்று யாராவது நீட்டினால், எவ்வளவு மலிவாக இருந்தாலும், அது புலித்தோல் வாங்குவது போன்ற குற்றம். பீங்கான் கல் அல்லது தொட்டிக்கென்று செய்த செயற்கைக் கல் போதும், பாக்டீரியா பேதம் பார்ப்பதில்லை.

அப்போ எதை வளர்ப்பது? காளான் பவளம், லெதர் கோரல், ஜோவாந்திட் மாதிரி பெரிய கல் எலும்பு கட்டாதவை. எங்கேயோ பிடுங்கியது வேண்டாம், வளர்ப்பவர்கள் வெட்டிப் பெருக்கியதாகக் கேட்டு, பில்லோடு வாங்குங்கள். சுண்ணாம்புச் செலவும் இவற்றுக்குக் குறைவு, 90 மில்லிகூடத் தேவைப்படாமல் போகலாம். ஜோவாந்திட்டைக் கையுறை போட்டுத்தான் தொடணும். அவற்றில் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அது ஒட்டிய கல்லைச் சுடுநீரில் கழுவுவதோ வேகவைப்பதோ கூடவே கூடாது.

மீன் என்றால் ஒரு ஜோடி கோமாளி மீன், அவ்வளவுதான். மண்டபத்திலும் விழிஞ்ஞத்திலும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இவற்றைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை உருவாக்கியிருக்கிறது, ஆகவே பண்ணைக் குஞ்சைக் கேட்டு வாங்கலாம். குழந்தைகள் "டோரி" கேட்பார்கள். அந்த மீன் ஒரு அடி வரை வளரும், நம்ம தொட்டியின் அகலமே ஒரு அடி. கோமாளி மீன் நன்றாக வைத்திருந்தால் 20 வருஷம்கூட இருக்கும் என்பதையும் வீட்டில் பேசிவிட்டு வாங்குங்கள்.

பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது? ஒரு நாளைக்கு ஒன்றாக லிட்டர் பாட்டில்களில் ஆர்ஓ நீரைப் பிடித்து, மேலே கிழமை எழுதி வரிசையாக வைத்துவிட்டால், பக்கத்து வீட்டு ஆன்ட்டி தினமும் ஒன்றை ஊற்றிவிடுவார். சுண்ணாம்பு நீரைக் கண்ணில் படாமல் வையுங்கள். மீன் தீவனத்தையும் டப்பாவோடு விட்டுவிட்டுப் போகாதீர்கள், பாவம் பசிக்குமே என்று பாதி டப்பாவைக் கொட்டிவிடுவார்கள். வேளைக்கு ஒரு பொட்டலமாக மடித்துக் கொடுங்கள்.