உப்புக் காற்றும் பிரேக் விளக்கும்

பரந்தனைத் தாண்டி ஏ9 வீதி ஆனையிறவை நெருங்கும்போது வீடுகள் குறைந்து வெளி விரிகிறது. களப்பு நீரும் உப்புப் பாத்திகளும் தெரியும் நேர் வீதியில் கால் தானாக வேகத்தைக் கூட்டும். அந்நேரம் டாஷ்போர்டில், வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி போட்ட சிவப்பு விளக்கு எரிந்தால் “யாழ்ப்பாணம் போய்ப் பார்ப்பம்” என்று ஓட்டிக்கொண்டு போகக் கூடாது.

விளக்கு எரிவதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள்: ஹான்ட்பிரேக் முழுதாக இறங்கவில்லை, பிரேக் ஒயில் குறைந்துவிட்டது, அல்லது பிரேக்கின் மின்னணுப் பகுதியில் கோளாறு. முதலாவதை உடனே பார்த்துவிடலாம். அது சரியாக இருந்தால் வேகத்தைக் குறைத்து ஓரங்கட்ட வேண்டும். பெடல் ஆழமாக இறங்கினால் விட்டுவிட்டு மிதித்து, சிறிய கியருக்கு மாற்றி, ஹான்ட்பிரேக்கை மெல்ல மெல்ல இழுக்க வேண்டும். ஹைபிரிட் காரில் பெடல் கல்லாக இறுகினால் விட்டுவிட்டு மிதிக்கக் கூடாது; ஒரே மூச்சில் முழுப் பலத்தோடு அழுத்த வேண்டும்.

நின்றதும் பொனற்றைத் திறந்து ஒயில் குப்பியைப் பார்க்கலாம். பிரேக் ஒயில் எஞ்சின் ஒயில்போல எரிந்து குறைவதில்லை. பிரேக் பாட் தேயத் தேய மாதக்கணக்கில் சிறிது இறங்கும். ஓரிரு நாளில் இறங்கினால் எங்கோ கசிகிறது. வெறுமனே ஊற்றி நிரப்பினால் விளக்கு அணையும், கசிவு நிற்காது. சில்லின் உட்புறம் ஈரமாக இருந்தால் கட்டியிழுத்துத்தான் கராஜுக்குக் கொண்டுபோக வேண்டும்.

“விளக்கு எரிந்தாலும் பிரேக் பிடிக்குதே” என்பவர்கள் ஒன்றை மறக்கிறார்கள். இன்றைய கார்களில் பிரேக் இரண்டு தனித்தனிச் சுற்றுகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. ஒன்று போனாலும் மற்றது பிடிக்கும், ஆனால் பாதிப் பலத்தோடு. மணிக்கு 70 கிலோமீற்றரில் நல்ல பிரேக்கோடு உலர்ந்த தாரில் ஏறத்தாழ 28 மீற்றரில் நிற்கும் கார், பாதிப் பலத்தில் 55 மீற்றர் ஓடும். இரவில் மாடுகள் குறுக்கே நிற்கும் வீதியில் அந்த 27 மீற்றர் உயிர்ப் பிரச்சினை.

ஆனையிறவில் இதைவிடப் பெரிய கவலை உப்பு. காருக்குக் கீழே ஓடும் இரும்புப் பிரேக் குழாய்களை உப்பு ஈரம் வெளியே தெரியாமல் அரிக்கிறது. அமெரிக்காவில் பனி உருக வீதியில் உப்புக் கொட்டும் மாநிலங்களில் பழைய வாகனங்களின் பிரேக் குழாய்கள் அரித்து உடைந்தன. அரச அதிகாரிகள் விசாரித்து, 2015 ஏப்ரலில் அடிப்பாகத்தைக் கழுவும்படியும் குழாய்களைச் சோதிக்கும்படியும் அறிவுறுத்தினர். அங்கே குளிர்காலத்தில் மட்டும் படும் உப்பு, களப்போரம் குடியிருப்பவர்களின் வாகனங்களில் ஆண்டு முழுவதும் படிகிறது. போதாக்குறைக்கு, பிரேக் ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டொட் 3 வகை புதிதில் குறைந்தது 205 பாகை செல்சியஸில் கொதிக்க வேண்டும். ஈரம் ஏறினால் அந்த எல்லை 140 ஆகிவிடுகிறது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நின்ற கார் இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் தொடங்கியது. அந்த ஐந்தாண்டும் பழைய கார்களே ஓடி மேலும் பழசாகின. பாவித்த நிலையில் வந்த ஜப்பான் கார்கள் பலவற்றில் எச்சரிக்கை ஜப்பானிய எழுத்தில் வருவதால், சாரதிக்கு விளங்குவது சிவப்பு நிறம் மட்டுமே. அந்த நிறத்தை அலட்சியம் செய்யக் கூடாது: 2013இல் ஒரு ஜப்பானிய நிறுவனம் பிரேக் அழுத்தக் கலன் கோளாறுக்காக உலகெங்கும் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட ஹைபிரிட் கார்களைத் திருப்பி அழைத்தது.

சென்சர் பழுதாலும் விளக்கு எரியும் என்று சில மெக்கானிக்குகள் சொல்வது உண்மைதான். அதையும் சோதித்த பிறகே சொல்ல முடியும்.

ஏ9 வீதியோர முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க வாகனத்தை நிறுத்துபவர்கள் அந்த நேரத்திலேயே ஒயில் குப்பியையும் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் எல்லாவற்றையும் சாரதியின் தலையில் கட்ட முடியாது. ஆண்டு வரிப் பத்திரம் எடுக்கத் தனியார் காருக்குப் புகைப் பரிசோதனை கட்டாயம். பிரேக்கை யாரும் கேட்பதில்லை. ஒவ்வொரு சில்லின் பிரேக் பலத்தையும் சில நிமிடத்தில் அளக்கும் உருளைக் கருவிகள் உலகெங்கும் புழக்கத்தில் உள்ளன. கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அப்படி ஒவ்வொன்றை நிறுவி, பத்து வயது கடந்த கார்களில் தொடங்க வேண்டும். குழாய்களின் துருவையும் அதே இடத்தில் பார்த்து, புகைப் பத்திரத்தோடு பிரேக் பத்திரத்தையும் கேட்க வேண்டும்.