மல்லாந்து படுத்த மவுஸ்!

மாசக் கடைசியில் எந்த ஆபீஸிலாவது அக்கவுண்ட்ஸ் செக்‌ஷன் பக்கம் எட்டிப் பாருங்கள். யாராவது ஒருத்தர் வலது மணிக்கட்டை இடது கையால் நீவிக்கொண்டிருப்பார். 'என்ன சார்?' என்றால், 'ஒண்ணுமில்லே... பஸ்ல கம்பியைப் பிடிச்சுத் தொங்கினது' என்பார். பஸ் பாவம். நிஜமான ஆசாமி மேஜை மேலேயே உட்கார்ந்திருக்கிறது. மவுஸ்!

காலையிலிருந்து ராத்திரி வரை மணிக்கட்டை மடக்கி, அந்தச் சின்ன டப்பாவை இழுத்து, தூக்கி, மறுபடி இழுத்து... கை என்ன இரும்பா?

இதற்கு மாற்று, டிராக்பால். டப்பா அசையாது. அதன் மேல் ஒரு உருண்டை. அதை விரலால் உருட்டினால் திரையில் அம்பு ஓடும். கை வைத்த இடத்திலேயே இருக்கும். ஃபைல், டீ கிளாஸ் எல்லாம் போக மேஜையில் ஒரு சாண் மிச்சமிருந்தால் போதும்.

பார்த்தால் மவுஸ் மல்லாந்து படுத்த மாதிரி இருக்கும். உண்மை நேர் எதிர். 1952-லேயே கனடா கடற்படைக்காக டாம் க்ரான்ஸ்டன், ஃப்ரெட் லாங்ஸ்டாஃப், கென்யன் டெய்லர் என்ற மூவர் டிராக்பால் செய்துவிட்டார்கள். உருண்டைக்கு எங்கே போவது? அந்த ஊர் பௌலிங் ஆட்டத்துப் பந்தையே வைத்தார்கள். கிட்டத்தட்ட உரித்த தேங்காய் சைஸ்! ராணுவ ரகசியம் என்பதால் வெளியே தெரியவில்லை. எங்கல்பார்ட்டின் மர மவுஸ் வந்தது 1964-ல், அடியில் இரண்டு சக்கரத்தோடு. 1968-ல் ஜெர்மனியின் டெலிஃபுங்கன் கம்பெனிக்காரர்கள் ராடாருக்காகச் செய்த உருண்டையைக் கவிழ்த்துப் போட்டு ஒரு மவுஸ் பண்ணினார்கள். ஆக, குப்புற விழுந்தது மவுஸ்தான்.

வாங்குவதானால் இரண்டு ஜாதி உண்டு. கட்டை விரலால் உருட்டுவது ஒன்று. பழக சுலபம், ஆனால் பெரும்பாலும் வலதுகைக்காரர்களுக்கே. நடுவில் பெரிய உருண்டை வைத்து மற்ற விரல்களால் உருட்டுவது இன்னொன்று. இடதுகைக்காரர்களுக்கும் ஒத்துவரும். ஏற்கெனவே கட்டை விரல் அடியில் வலி இருந்தால் முதல் ஜாதி பக்கமே போகாதீர்கள். வலி மணிக்கட்டிலிருந்து விரலுக்குக் குடிபெயரும், அவ்வளவுதான். செல்போனில் தட்டித் தட்டி அந்த விரல் ஏற்கெனவே ஓவர்டைம் பார்க்கிறது!

விலை? சாதா மவுஸைப்போலப் பல மடங்கு. முதல் வாரம் வாங்கின காசை நினைத்து அழுகை வரும். எக்ஸெலில் ஒரு கட்டத்தைக் குறிவைத்தால் அம்பு பக்கத்துக் கட்டத்தில் போய் நிற்கும். அம்பின் வேகத்தைக் குறைத்து வைத்துக்கொண்டால் தேவலை. ஏழெட்டு நாளில் விரலுக்குப் பிடிபட ஆரம்பிக்கும். ஆடிட் நெருக்கடியில் மட்டும் ஆரம்பிக்காதீர்கள்.

அவ்வப்போது உருண்டையை வெளியே எடுத்து, அது உட்காரும் மூன்று குமிழ்களில் படியும் அழுக்கைத் துடைக்க வேண்டும். நம் கை அழுக்குதான். வேறு யாரையும் திட்ட முடியாது.

ஒரு விஷயம் சீரியஸாக. கட்டை விரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப் போய் ராத்திரி தூக்கம் கலைகிறதென்றால் கடைக்குப் போகாதீர்கள், டாக்டரிடம் போங்கள். மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிற கோளாறாக இருக்கலாம். அதை எந்த உருண்டையும் குணப்படுத்தாது.

மற்றபடி, டிராக்பாலில் ஒரு உபரி லாபம். நீங்கள் காப்பிக்கு எழுந்து போன நேரத்தில் உங்கள் சீட்டில் உட்காரும் நண்பர், பழக்க தோஷத்தில் டப்பாவையே இப்படியும் அப்படியும் தள்ளிப் பார்ப்பார். அம்பு அசையாது. 'ரிப்பேர் போல' என்று எழுந்து போய்விடுவார்.