உங்களுக்குத் தெரியுமா? ஒகேனக்கல் பரிசல்

கடலில்லாத தருமபுரி மாவட்டத்தில் பழமையான கலமொன்றில் ஏறிப் பார்க்க விரும்புவோர் நாட வேண்டிய துறை, பென்னாகரம் வட்டத்து ஒகேனக்கல் ஆகும். அங்கே காவிரியில் ஓடும் பரிசல், மூங்கில் பிளாச்சுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி, முற்காலத்தில் தோலும் இன்று பிளாஸ்டிக் தாளும் போர்த்தித் தார் பூசப்படும் வட்டவடிவக் கலமாகும். பாய்மரக் கப்பலுக்குரிய அணியம் எனப்படும் முன்பகுதியோ, ஏரா எனப்படும் அடிமரமோ இதற்கில்லை. ஆயினும் அடிப்பகுதி தட்டையாக இருப்பதால் பாறைகள் நிறைந்த ஆழமற்ற நீரிலும் இது மிதந்து செல்ல, பரிசல் ஓட்டி ஒரே துடுப்பால் அதைத் திருப்பியும் சுழற்றியும் செலுத்துவது உண்மையிலேயே அரிய கைத்திறன். ஈராக்கின் குஃபாவும் வேல்ஸ் நாட்டின் தோல்படகும் இவ்வகையினவே. கர்நாடகத்திலிருந்து ஒகேனக்கலுக்கு வரும் காவிரி நீரின் அளவு எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் கணக்கிடப்படுகிறது; வெள்ளம் பெருகும் நாள்களில் மாவட்ட நிர்வாகம் பரிசல் இயக்கத் தடை விதிக்கிறது.