கோழிக்குக் கசக்குமா?

திறந்துவிட்டதும் நாட்டுக்கோழி நேராக வேலியோரம் ஓடும். அங்கே என்னென்ன முளைத்திருக்கின்றன என்று கவனித்திருக்கிறீர்களா? எருக்கு, ஊமத்தை, ஆமணக்கு, குன்றிமணிக்கொடி. எல்லாமே நஞ்சுள்ளவை. நாள் முழுக்க அங்கேயே மேய்ந்துவிட்டுப் பொழுது சாய்ந்ததும் கோழி நலமாகத் திரும்பிவிடுகிறது. எப்படி?

நாக்கு எச்சரித்திருக்கும் என்பீர்கள். கசப்பை அறிய நமக்குச் சுமார் 25 மரபணுக்கள் இருக்கின்றன. கோழிக்கு மூன்றே மூன்றுதான்! மிளகாயோ அதற்கு உறைப்பதே இல்லை. கோழிக்குப் பெரிய துணை அதன் கண்.

பொரித்து ஒரு நாளே ஆன குஞ்சுக்குக் கசப்புத் திரவம் தடவிய சிறு மணி ஒன்றைக் காட்டிச் சோதித்திருக்கிறார்கள். குஞ்சு ஒருமுறை கொத்தும். உடனே தலையை உதறும், அலகைத் தரையில் தேய்க்கும். பிறகு அதே மாதிரி மணியைக் கசப்பே இல்லாமல் காட்டினாலும் பெரும்பாலான குஞ்சுகள் பார்த்ததுமே ஒதுங்கிவிடுகின்றன. ஒரே கொத்தில் பாடம் முடிந்துவிட்டது!

அம்மாவும் சொல்லித்தருகிறது. 1996-இல் பிரிட்டனில் கிறிஸ்டின் நிகோலும் அவருடன் பணியாற்றியவரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். குறிப்பிட்ட நிறத் தீனி நன்றாயிராது என்று தாய்க்கோழிக்குப் பழக்கினார்கள். குஞ்சுகள் அந்த நிறத் தீனியைத் தின்பதைப் பார்த்ததும் தாய் முன்னைவிட மும்முரமாகத் தரையைக் கீறி, கொத்திக் காட்டியது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு இது.

சரி, தவறிப்போய் ஒரு குன்றிமணியை விழுங்கிவிட்டால்? கோழிக்குப் பல் இல்லை. அது பொறுக்கித் தின்ற சிறு கற்கள் அரைவைப்பையில் கிடந்து தானியத்தை அரைக்கும். குன்றிமணியின் தோல் மிகக் கடினம். உடையாமல் எச்சத்தோடு வெளியேறினால் கோழி தப்பிக்கலாம். அரைபட்டால் உள்ளிருக்கும் அப்ரின் என்ற நஞ்சு வெளிவரும். உயிரணுக்களில் புரதம் தயாராகும் ரைபோசோம்களை அது முடக்கிவிடும். ஆமணக்கு விதையிலுள்ள ரிசின் செய்வதும் இதே வேலைதான். களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாகப் பதிப்பதும் குன்றிமணியைத்தான். அதைக் கடிக்கவோ ஊசியால் துளைக்கவோ வேண்டாம், நம் உயிருக்கும் ஆபத்து!

கண்ணும் அம்மாவும் உதவ முடியாத இடம் ஒன்று உண்டு. அது அரைத்த தீனி. கிலுகிலுப்பையும் பேயாவிரையும் பயிருக்கு நடுவே களையாக முளைக்கும். அவற்றின் விதை சோளத்தோடு கலந்து மாவாகிவிட்டால் கோழியால் எதைப் பிரித்தெடுக்க முடியும்? பேயாவிரை தசைகளைத் தாக்கும். கோழி நிற்க முடியாமல் சரிந்துவிடும். கிலுகிலுப்பை கல்லீரலைக் கெடுக்கும். விந்தை என்னவென்றால், அந்த விதையிலுள்ள பொருளைக் கொடிய நஞ்சாக மாற்றுவதே கல்லீரல்தான். கல்லீரல் தன் வழக்கமான வேலையைச் செய்யப்போய்த் தானே சிதைகிறது.

அடைத்தே வளர்க்கும் கோழிகளை நினைத்தால்தான் எனக்குக் கவலை. மேய இடமில்லாத கோழி எது கிடைத்தாலும் கொத்திப் பார்க்கும். வீட்டில் அரளியைக் கழித்தால் அந்தக் கிளைகளைக் கூண்டுப் பக்கம் போடவிடாதீர்கள்; காய்ந்தாலும் அதன் நஞ்சு போகாது. கூண்டுக்குள் தினமும் கொஞ்சம் கீரை போடுங்கள். கோழி திடீரென்று சோர்ந்து தலை தொங்கினால் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோகப் பெரியவர்களிடம் சொல்லுங்கள். அது கொத்திய செடி எதுவென்று தெரிந்தால், அவர்களையே ஒரு கிளை ஒடித்துப் பையில் போட்டு எடுத்துவரச் சொல்லுங்கள். செடியைப் பார்த்தால் மருத்துவருக்குப் பாதி வேலை மிச்சம்.