சீழ்க்கட்டியைக் கீறி வடித்தல்

கீறி வடித்தல் என்பது தோலின் கீழ் சீழ் கோத்துள்ள கட்டியைக் கத்தியால் திறந்து, சீழை வெளியேற்றும் சிறு அறுவைச் சிகிச்சை ஆகும். தோலில் உண்டாகும் சீழ்க்கட்டிகளுக்கு இதுவே முதன்மையான மருத்துவம்.

மருந்து மட்டும் போதாமை

தோலினுள் புகுந்த பாக்டீரியாக்களை எதிர்க்க வெள்ளையணுக்கள் திரள்கின்றன. இறந்த அணுக்களும் சிதைந்த இழையங்களும் சேர்ந்து சீழாகின்றன. தொற்று பரவாதபடி உடல் அதைச் சுற்றி ஒரு சுவரை எழுப்புகிறது. சீழினுள் இரத்தக் குழாய்கள் இல்லாமையால், விழுங்கும் மருந்து அங்கே போதிய அளவு சென்று சேர்வதில்லை. ஸ்காட்லாந்து அறுவை மருத்துவர் அலெக்சாண்டர் ஒக்ஸ்டன் 1880இல் இத்தகைய சீழை நுண்நோக்கியில் ஆராய்ந்து, திராட்சைக் குலை போன்ற நுண்ணுயிர்களைக் கண்டார். அவற்றுக்கு ஸ்டெஃபைலோகாக்கஸ் என்னும் பெயரை இட்டவரும் அவரே.

செய்முறை

கட்டி "பழுத்துவிட்டது" என மக்கள் கூறும் நிலை, அதாவது அழுத்தினால் உள்ளே நீர்மம் தளும்பும் நிலை, கீறுவதற்கு ஏற்றது. சிவந்து இறுகியிருக்கும் வீக்கத்தைக் கீறினால் இரத்தமே வரும். ஐயமிருப்பின் மீயொலிச் சோதனை உதவும். லிக்னொகெயின் ஊசியால் இடம் மரக்கச் செய்யப்படுகிறது. ஆனால் தொற்றுள்ள இழையம் அமிலத்தன்மை கொண்டதாதலால் அம்மருந்து முழுமையாக வேலை செய்யாது, ஓரளவு வலி இருக்கும். தோல் மடிப்பின் போக்கில் கீறிய பின், உள்ளறைகளைப் பிரிக்கும் தடுப்புகள் உடைக்கப்படுகின்றன. இவை உடைபடாமல் எஞ்சினால் கட்டி மீண்டும் வரக்கூடும்.

புண் வழமையாகத் தைக்கப்படுவதில்லை. குழி அடியிலிருந்து ஆறி மேலே வரவேண்டும். மேல்தோல் முந்தி மூடிக்கொண்டால் உள்ளே மறுபடியும் சீழ் கட்டும். பெரிய குழிகளில் காஸ் துணித் திரி வைப்பதுண்டு. சிறியவற்றுக்கு அது பெரும்பாலும் தேவையில்லை, வலியைத்தான் கூட்டும்.

பின்பராமரிப்பு

திரி வைத்திருந்தால் ஓரிரு நாட்களில் அது நீக்கப்படும் அல்லது மாற்றப்படும். பின்னர் நாள்தோறும் தூய நீரால் கழுவி, உலர்ந்த கட்டுப் போடவேண்டும். முதல் சில நாட்கள் நீர் கசிவது இயல்பு. காய்ச்சல், பரவும் சிவப்பு, கூடிவரும் வலி ஆகியவை காணப்பட்டால் உடனே மருத்துவரிடம் திரும்பவேண்டும்.

வடித்தபின் நுண்ணுயிர் எதிர்ப்பி தேவையா என்பது நெடுநாள் விவாதம். 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 7 நாட்கள் கோட்ரைமாக்சசோல் உண்டவர்களில் 80.5 விழுக்காட்டினரும் போலி மருந்து உண்டவர்களில் 73.6 விழுக்காட்டினரும் குணமடைந்தனர். மருந்தின் பயன் உண்மையே எனினும், பெரும்பங்கு வேலையைச் செய்தது கத்திதான்.

வீட்டில் பிதுக்குவது தொற்றை ஆழத்துக்குத் தள்ளக்கூடும். மூக்கைச் சுற்றியும் மேலுதட்டிலும் இது மிக ஆபத்தானது. அப்பகுதியின் சிரைகள் மண்டையோட்டினுள் உள்ள சிரைகளுடன் தொடர்புடையவை. ஆசனவாயை ஒட்டிய கட்டி பின்னாளில் பவுத்திரமாக மாறக்கூடும் என்பதால் அதனை அறுவை மருத்துவரே கையாளவேண்டும். கட்டிகள் அடிக்கடி வருவோருக்கு நீரிழிவு உள்ளதா எனச் சோதிப்பது வழக்கம்.